ஒரு பகல் மட்டும் ஓடிய படம்

போன வாரம் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நின்றபோது நமக்குள் ஒரு சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எந்தப் படம் காலத்துக்கும் நிற்கிற படம் என்ற சண்டை. நூறு நாள் ஓடினால்தான் படம் என்று பாதிப் பேர் சாதித்தீர்கள். துணைக்கு வந்த என் பேரன் பேப்பரை விரித்து ஏதோ படத்தின் வசூலைப் படித்துக் காட்டி, "இதுதான் ஆத்தா கணக்கு, மத்ததெல்லாம் வெறும் பேச்சு" என்று முடித்துவிட்டான். நீங்களும் வாயை மூடிக்கொண்டீர்கள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அதற்குள் நர்ஸ் என் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். கண் தெரிகிறவர்கள் படித்து, தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான் சொல்லப்போகிற படம் எங்கள் ஊரில் ஒரு பகல் ஓடியது. அந்தப் பகல்கூட முழுசாக இல்லை. வசூல் ஒரு பிடி சாமைகூடக் கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் வந்தவளுக்கு இன்றைக்கும் மாசி மாசம் சாமை விழுகிறது. உங்களில் சிலரே வைத்திருக்கிறீர்கள். யாருக்கு வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்திருக்கிறீர்கள்.

அது வெள்ளைக்காரனின் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, கீழ்நாட்டில் அரிசி கிடைக்காது. மலைமேல் திருப்புலி நாட்டில் இருந்த எங்கள் ஊருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. சாமையும் ராகியும் பலாவும் தின்று வளர்ந்த வயிறு. எனக்கு ஒன்பது வயது. வாசலெல்லாம் பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

அப்பா மிளகு விற்கக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியிருந்தார். அப்போது ஏது ரோடு, ஏது பஸ்? ஒற்றையடிப் பாதைதான். திரும்பி வரும்போது தலையில் ஒரு சாக்கு மூட்டை, பின்னால் ஒரு மனிதர். ஒல்லி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். நகத்தடியெல்லாம் மை. முதுகில் ஒரு இரும்பு மிஷின். அவரைக் கடைசிவரை படக்காரர் என்றே கூப்பிட்டோம், பேர் கேட்கவே இல்லை.

சாக்கில் ஆறு தகர டப்பா இருந்தது. ஒவ்வொன்றிலும் படத்தின் ஒரு பாகம். ஆறாவது டப்பாவிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது பாசியில் கால் வழுக்கி அது தண்ணீருக்குள் போய்விட்டது. "தவறி உழுந்துருச்சு" என்றார் அப்பா. யார் தலையிலிருந்து விழுந்தது என்று அவர் சொல்லவில்லை. படக்காரரும் சொல்லவில்லை. மூட்டை யார் தலையில் இருந்தது என்று நான் பார்த்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் படக்காரர் அந்த நனைந்த பாகத்தைச் சுருள் பிரித்து, எங்கள் வீட்டுப் பின்னால் பலா மரங்களுக்கு நடுவில் கொடி கொடியாகக் கட்டிக் காயப்போட்டார். விரல் ரெண்டு அகலம்தான் இருக்கும், நீளம் மட்டும் முடியவே இல்லை. "சுருட்டி வெச்சா ஒட்டிக்குமுங்க. தீ மட்டும் பக்கத்துல வேண்டாமுங்க, குப்புனு புடிச்சுக்கும்" என்று அப்பாவின் சுருட்டைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கொடியிலிருந்து கற்பூர வாசம் வந்தது. பிலிம் செய்கிற சரக்கிலேயே கற்பூரம் சேர்ப்பார்கள் என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு என் அம்மா மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, இது என்ன படமுங்க?" என்று அப்பா கேட்டார்.

"எழுத்துப் படமுங்க. ஆளு யாரும் நடிக்கலீங்க. ஒவ்வொரு உருவமா நானே கோடு இழுத்து எழுதுனது. ரெண்டு வருசமாச்சுங்க."

"நல்லா ஓடுச்சுங்களா?"

படக்காரர் கொடியைத் தடவினார். "சேலத்துல ரெண்டே நாளுங்க. கடலைத் தோலத் தூக்கி வீசுனாங்க. எங்க மொதலாளி சொல்லிட்டாருங்க, இந்த மாசி முடியறதுக்குள்ள ஊரூராச் சுத்தி வசூல் கொண்டாந்து காட்டு, இல்லீன்னா வளையல் பட்டறைக்குப் போட்டுருவேன்னு."

"படத்த வெச்சு வளையலுங்களா?"

"ஆமாங்க. பிலிம உருக்கி வளையல் பண்றாங்க. கண்ணாடி வளையலாட்டமே இருக்கும், கீழ போட்டா உடையாது. எம்புள்ள யாரோ கையில மாட்டிக்கிட்டு ஆடப்போறாளுங்க."

எம்புள்ள என்றுதான் சொன்னார். படத்தில் ஒரு சின்னப் பெண் வருகிறாள், அவளைச் சொல்கிறார் என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பக்கத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்த என் அத்தையும் கேட்டார்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. மாமன் காய்ச்சலில் போன பிறகு எங்கள் ஊட்டுக்கே திரும்பி வந்தவர். பிள்ளை இல்லை. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஒப்பாரி அத்தையுடையது. அவர் குரல் எழுந்த பிறகுதான் அது சாவு என்றே ஆகும். அதற்காகவே அவரைக் கண்டு குழந்தைகள் எல்லாம் ஒதுங்குவோம். எனக்கு மட்டும் மடியில் இடம் உண்டு.

ஊர்க்கவுண்டரிடம் போய்ப் படம் காட்ட உத்தரவு கேட்டார்கள். கவுண்டர் யோசித்தார். "ராத்திரியில வேண்டாமுங்க. இருட்டுல உருவத்த ஆட உடக் கூடாதுங்க இந்த மலையில. பகல்ல காட்டுங்க" என்றார். தலைக்கு ஒரு படி சாமை என்று பேச்சு. படம் பார்த்துவிட்டுக் கொடுப்பது. "இன்னிக்கு அஞ்சு பாகமுங்க. ஆறாவது காஞ்சதும் நாளைக்குக் காலையில காட்டறேன்" என்று படக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். யார் காதில் ஏறியது? எல்லோரும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கவுண்டருடைய சாமைக் கொட்டகையில் ஜன்னல் இல்லை. சந்துபொந்தில் எல்லாம் கம்பளியைத் திணித்தார்கள். உச்சி வெயில் வெளியே. உள்ளே ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத இருட்டு. எதிர்ச் சுவரில் படக்காரர் தன் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டினார். இந்தப் பக்கத்துச் சுவரோரம் மிஷின், அதற்குள் கார்பைடு விளக்கு. அந்த விளக்குக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பூண்டு அழுகின மாதிரி நாறும். அவர் ஒரு கையால் மிஷினைச் சுற்ற, சத்தமில்லாத அந்தப் படத்துக்கு அவரே வாயால் கதை சொன்னார்.

துணியில் அவள் வந்தாள். என் உயரம்தான். கோடுகளால் ஆன பெண். பாவாடையில் பூ எழுதியிருந்தது, பின்னலில் ரிப்பன் இருந்தது. நடந்தாள். நாங்கள் சிரித்தோம். கைதட்டினோம்.

அவள் நாட்டில் மழை இல்லை. மலைக்கு நடுவில் ஒரு படிக்கிணறு, அதற்குத்தான் மழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். இறங்கி வந்து கேள் என்கிறது கிணறு. ஒவ்வொரு படிக்கும் ஒன்றைக் கொடு என்கிறது.

"மொதப் படி. உன் ரிப்பனக் குடுன்னுது. குடுத்தா" என்றார் படக்காரர். ரிப்பன் அழிந்தது. "ரெண்டாம் படி. பாவாடைப் பூவக் குடுன்னுது." பூவெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பாவாடை வெறும் பாவாடையானது. "எறங்காத கண்ணு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "உன் நெழலக் குடுன்னுது. குடுத்தா." அவள் காலடியில் இருந்த நிழல் கழன்று மேலேயே நின்றுவிட்டது. நிழலில்லாமல் அவள் இறங்கினாள். யாரும் சிரிக்கவில்லை.

கை போயிற்று. பின்னல் போயிற்று. படக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் அந்த வெள்ளைத் துணியில் ரெண்டு கண்கள் மட்டும் இருந்தன. அவை அங்கேயும் இங்கேயும் பார்த்தன. கொட்டகையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தன என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் மூடிக்கொண்டன.

வெறும் வெள்ளை. பிலிமின் நுனி மிஷினில் அடித்துக்கொள்ளும் டக் டக் சத்தம். ஏதோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது.

அத்தை எழுந்து போய் அந்தத் துணியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே, "யாரு பெத்த புள்ளைங்க இது?" என்று கேட்டார்.

"யாரும் பெக்கலீங்க. நான் எழுதுனது."

"அப்ப நீங்கதான் அப்பனுங்களா?"

படக்காரர் முகம் மலர்ந்துதான் இருந்தது. சேலத்தில் கடலைத் தோல் வாங்கியவர். இங்கே ஒரு கொட்டகையே மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறது. "அப்படித்தான் வெச்சுக்கங்களேன்" என்றார்.

அத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டார். அந்தக் குரல் எழுந்தது. அடுத்த நிமிஷம் அத்தனை பெண்களும் தலையை விரித்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியும், நம் மலையில் ஒரு குழந்தை செத்தால் எப்படி அழுவோம் என்று. அதே அழுகை. ஒரு சுரம் குறையவில்லை.

படக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் பதறினார். "அய்யோ, அழுவாதீங்க! இன்னும் ஒரு பாகம் இருக்குதுங்க! நாளைக்கு எந்திரிச்சுருவாளுங்க!"

அழுகை பட்டென்று நின்றது.

"என்னங்க சொல்றீங்க?" என்றார் கவுண்டர். "செத்த புள்ள எந்திரிச்சு வருமுங்களா?"

"வருமுங்க! சிரிச்சுக்கிட்டே வருவாளுங்க!"

இதைவிடக் கெடுதலான ஒரு பதிலை அவர் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. சிரித்தே ஆளைக் கொல்கிற பாவை ஒன்று இந்தக் காட்டில் நிற்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர். அந்த மனிதருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தான் எழுதிய கதை நல்லபடியாக முடிகிறது என்பதுதான். ஆட்கள் எல்லோரும் துணியைவிட்டு ரெண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

அத்தை மட்டும் நகரவில்லை. "அப்பன் சொல்றது பெத்த பாசமுங்க. செத்தத எழுப்பக் கூடாது. எழுப்புனா வாரது நம்ம புள்ளையா இருக்காதுங்க. இப்பவே எடுத்துரோணும்" என்றார். பிள்ளை அந்தத் துணியில்தானே போனது? அதனால் துணியை அவிழ்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குழந்தையைச் சுற்றுகிற மாதிரிச் சுற்றினார். தூக்கப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். "கனக்குது" என்றார்.

ஒரு வேட்டித் துணி அது. மூலைக்கு ஒருவராக நாலு ஆண்கள் பிடித்தார்கள். அப்பா அரைச் சிரிப்போடுதான் ஒரு மூலையைப் பிடித்தார். சாமி, பேய் எதையும் லேசில் நம்புகிறவரில்லை. தூக்கியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சாகிற வரைக்கும் நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், கனத்ததா அப்பா என்று. "போயி வேலையப் பாரு" என்பார்.

துணி இருந்த இடத்தில் தரை நனைந்திருந்தது. சுவரோரம் கொட்டியிருந்த சாமையும் ஈரம். கார்பைடு விளக்கிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கும் என்று பெரியவளான பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கு துணிக்கு எதிரே மறு சுவரோரம் இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஊருக்குக் கிழக்கே குழந்தைகளைப் புதைக்கிற மேட்டில் குழி வெட்டினார்கள். முதல் மண் தகப்பன் போட வேண்டும். "இதெல்லாம் என்னங்க கூத்து" என்று முனகிக்கொண்டேதான் படக்காரர் மண்ணை அள்ளினார். ஒரு கை போட்டார். ரெண்டாவது கைக்குக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா தோளைப் பிடித்தார். "சேலத்துல இவளுக்கு ஒருத்தரும் அழுவலீங்க" என்றார் படக்காரர். "ஒருத்தரும் அழுவலீங்க."

சாயங்காலம் ஊட்டுக்கு ஊடு முறத்தில் சாமை கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினார்கள். எழவு வீட்டுக்குக் கொடுக்கிற வழக்கம். பேசிய டிக்கெட்டைப்போலப் பத்து மடங்கு இருக்கும். படக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் குவியலைப் பார்த்தார். செம்மேட்டுச் சந்தையில் போட்டால் முதலாளியிடம் காட்ட ஒரு வசூல் ஆயிற்று, படத்துப் பெண் பிழைத்துக்கொள்வாள். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியது எனக்கே தெரிந்தது.

"எழவுச் சாமைய விக்கக் கூடாதுங்க" என்றார் அத்தை. "மூணாம் நாளு இங்கயே ஆக்கி, இங்கயே எல்லாருந் தின்னு தீத்துரோணும்."

"அப்பப் படத்துக்குப் பேசுன சாமைங்க?"

அப்பாதான் பதில் சொன்னார். "ஒரு சாவப் பாத்ததுக்கு யாருங்க கூலி குடுப்பாங்க?"

நம்பவில்லை என்றால் கூலி வந்திருக்கும். அவ்வளவு நம்பிவிட்டார்கள், அதனால் ஒன்றும் வரவில்லை. இதைத்தான் நான் மாத்திரை வரிசையில் சொல்ல நினைத்தேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

மறுநாள் காலையில் ஊரே மேட்டுக்குப் பால் ஊற்றப் போயிருந்தது. மிளகுக்குக் காவலாக என்னை விட்டுப் போனார்கள். பலா மரங்களுக்கு நடுவில் அந்தக் கொடி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. போகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். போனேன். ஒரு நுனியைப் பிடித்து வெயிலுக்கு நேராக உயர்த்தினேன்.

நகத்தளவு கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் அவள். முதலில் ஒரு இலை, அதில் ஒரு மழைத்துளி. துளிக்குள் ரெண்டு கண்கள். கொஞ்சம் கொஞ்சமாக முகம், பின்னல், கை. பாவாடையில் பூக்கள் திரும்ப வந்தன. நான் கொடியோடு நகர்ந்துகொண்டே போனேன். அவள் எழுந்துகொண்டே வந்தாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு அது. என் வயசு, என் சோட்டுப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. எல்லாக் கட்டத்திலும் அவள் பக்கவாட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டத்தில் மட்டும் என்னைப் பார்த்தாள்.

கையை விட்டுவிட்டேன். விரலெல்லாம் கற்பூரம். திரும்பினால் படக்காரர் நிற்கிறார்.

"பாத்தியா கண்ணு?"

தலையாட்டினேன்.

"பயமா இருந்துச்சா?"

இல்லை என்று ஆட்டினேன். உண்மைதான். அந்த நேரத்தில் பயமே இல்லை.

அவர் என் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "நல்லபடியா எந்திரிச்சுட்டா, அழகா இருந்தான்னு உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லு சாமி. நீ சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா எடுபட மாட்டேங்குது. அவங்க பாத்துட்டாங்கன்னா எல்லாருமே பாப்பாங்க. எம்புள்ள தப்பிச்சுக்கும்."

சொல்கிறேன் என்றேன்.

அன்று மத்தியானம் கவுண்டர் வீட்டு வாசலில் கூட்டம். படக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு தடவ பாருங்க. உங்க ஊட்டுப் புள்ளையே பாத்துருச்சுங்க, கேளுங்க." என்னைக் காட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா என்னை இழுத்துத் தன் பின்னால் தள்ளப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைவிட்டு விலகினார்கள். முந்தின நாள் அந்தத் துணியைவிட்டு விலகின மாதிரியே விலகினார்கள். அப்போதுதான் பயம் வந்தது. எழுந்தவளைப் பார்த்தவளை இவர்கள் என்ன செய்வார்கள்?

அத்தை என் முகவாயைத் தொட்டார். "பாத்தியா கண்ணு?"

"இல்லீங்க அத்தை."

படக்காரர் என்னைப் பார்த்தார். நான் பார்த்தேன் என்று அவர் மறுபடி சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். என் பொய்யைவிட அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. மேட்டில் ஒரு கல் நட்டார்கள். இனி எந்த ஊரிலும் இந்தப் பிள்ளையை எழுப்பிக் காட்டுவதில்லை என்று அந்தக் கல்லில் கை வைத்துச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். மூன்றாம் நாள் அத்தனை சாமையையும் ஆக்கி ஊர் முழுக்கத் தின்றது. அவரும் எங்களோடு உட்கார்ந்து தின்றார். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எங்கள் ஊர்ப் பேரை எழுதி, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த கொடியைச் சுருட்டி ஆறாவது டப்பாவில் வைத்தார். இறங்கும்போது டப்பாக்களைத் தூக்க அப்பா போகவில்லை. யாருமே தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். மிஷினும் மூட்டையுமாக அவரே சுமந்து இறங்கினார்.

அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு வளையல்காரர் வந்திருந்தார். "புதுச் சரக்கு பாருங்க, கீழ போட்டாலும் உடையாது" என்று தரையில் எறிந்து காட்டினார். அத்தை எனக்கு ரெண்டு வாங்கி மாட்டிவிட்டார். மங்கலான மஞ்சள் நிறம். ஓடையில் கை கழுவும்போது தேய்த்துப் பார்த்தேன். கற்பூர வாசம். வெயிலுக்கு நேராகத் தூக்கினேன். ஒன்றில் ஒன்றுமில்லை. இன்னொன்றில், சரியாக உருகாத ஒரு ஓரத்தில், மயிரிழைக் கோடுகள். பாவாடை விளிம்பு ஒன்று, அதில் ஒரு பூ, பூவைச் சுற்றி மழைத்துளிகள்.

பூவும் மழையும் சேர்ந்து இருந்தால் அது ஆறாவது பாகம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வளையலைக் கழற்றி மிளகுப் பானைக்குள் போட்டுவிட்டேன். தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

அந்தச் சமயம் சேலத்தில் மாசக் கணக்கில் ஓடிய படம் ஒன்று உண்டு. கீழ்நாட்டுக்குப் போய் வந்தவர்களெல்லாம் அதே பேச்சு. அதன் பேர் என்ன என்று நேற்று முழுக்க யோசித்தேன், வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லுங்கள். எங்கள் ஊர் மேட்டுக் கல்லுக்கு இன்றைக்கும் மாசியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி சாமை போகிறது. மழை பொய்த்தால் இன்னும் கூட. கிணத்துப் புள்ளை என்கிறார்கள். போன மாசி ஒரு இளவட்டம் எனக்கே கதை சொன்னான்: அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஒரு பெண் இருந்தாளாம், மழைக்காகக் கிணற்றில் இறங்கினாளாம். "நீங்க பாத்திருக்கீங்களாங்க ஆத்தா?" என்றான். பாத்திருக்கேன் என்றேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்ன செய்ய?

அத்தை நிறைய வருஷம் இருந்தார். பார்வை போய், நடை போய், என் வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தார். ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது வாயை மூடிக்கொண்டார்.

"அந்தக் கடேசிப் பாகத்துல என்ன கண்ணு இருந்துச்சு?"

கரண்டி கையிலேயே நின்றது. "எனக்கெப்படித் தெரியும் அத்தை?"

"அன்னிக்கு உன் முகவாயத் தொட்டனல்ல. உன் கையில கப்பூரம் மணந்துச்சு."

அத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறார். நான் எழுந்து போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்து அந்த வளையலை எடுத்துவந்தேன். மிளகுப் பானையிலிருந்து எங்கெங்கோ மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. நெளிந்து, விரிசல் விட்டு, மஞ்சளாகிக் கிடந்தது. அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டேன். மூக்கருகில் கொண்டுபோனார்.

"எந்திரிச்சுட்டாளா?"

"எந்திரிச்சுட்டா அத்தை."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. நல்லாத்தான் சிரிச்சா. மழை பேஞ்சுது."

அத்தை வளையலை மூக்கருகிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கஞ்சியை மூடப் போனேன்.

"அப்ப உசுரோடதான் பொதைச்சிருக்கறோம்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் போய்விட்டார். அவருக்கு முதல் ஒப்பாரி எடுக்க ஊரில் யாரும் இல்லை. நான்தான் எடுத்தேன். வளையலை அவர் கையில் மாட்டியே அனுப்பினேன்.

மாசிக்கு மாசி நானும் மேட்டுக்குப் போகிறேன். சாமையைக் கொட்டிவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் குனிந்து அந்தக் கல்லில் காதை வைப்பேன். ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு வருஷமும் வைக்காமல் திரும்பியதில்லை.